மூளைக்குள் தேடிய பசி

“வாயைக் கட்டினா தானா இளைச்சுடும்!” பருமனானவர்களுக்குக் கல்யாணப் பந்தியில்கூட இந்த உபதேசம் கிடைத்துவிடுகிறது. வாயைக் கட்டினால் மனசு என்ன பாடுபடும் என்று சொல்கிறவர்கள் யோசிப்பதில்லை.

மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944 நவம்பரில் ஆன்சல் கீஸ் ஒரு சோதனையைத் தொடங்கினார். ஆயுதம் ஏந்த மனசாட்சி இடம் தராத 36 இளைஞர்கள் தாமாக முன்வந்தார்கள். எல்லாரும் திடகாத்திரமானவர்கள். முதல் 12 வாரம் வயிறார உணவு. அடுத்த 24 வாரம் ஏறக்குறைய அதில் பாதி. உருளைக்கிழங்கு, ரொட்டி, மக்ரோனி. எடை கால்வாசி குறைந்தது. சாப்பிட்ட தட்டை நக்கினார்கள். சமைக்கவே போகாதவர்கள் சமையல் புத்தகங்களை வாங்கிச் சேர்த்தார்கள். எரிச்சல், மனச்சோர்வு, யாரோடும் ஒட்டாத போக்கு. சாப்பாடு திரும்பக் கிடைத்த பிறகும் பலருக்கு மாதக்கணக்கில் பசி அடங்கவில்லை. மருத்துவர் சொல்லி அளவோடு குறைப்பது இதிலிருந்து வேறு என்பது உண்மைதான். ஆனாலும் இதைப் படித்தவர் எவரும் பருமனானவரைப் பார்த்து “உனக்கு மன உறுதி இல்லை” என்று சொல்லக் கூடாது.

பசியின் பிடி மூளையில் இருக்கிறது. எலிகளின் மூளையில் ஹைப்போதாலமஸ் என்ற இடத்தில் இருபுறமும் ஒரு சிறு பகுதியை அழித்தால், எதிரே உணவு இருந்தும் தொடாமல் செத்துப்போகின்றன என்று 1951-இல் காட்டியவர்கள் யேல் பல்கலைக்கழகத்தின் ப்ரோபெக்கும், பின்னாளில் தில்லி எய்ம்ஸின் உடலியங்கியல் துறையை உருவாக்கிய பி.கே. ஆனந்தும்.

அப்படியானால் அங்கே மின்சாரம் செலுத்திப் பசியை அடக்கலாமா? டொரன்டோவில் ஆந்த்ரேஸ் லொசானோவின் குழு முயன்றது. நோயாளிக்கு வயது 50, எடை 190 கிலோ. அறுவை மேசையில் அவர் விழித்தபடி இருக்க, ஹைப்போதாலமஸில் மின்முனையை இறக்கி மின்சாரம் கொடுத்தார்கள். பசி எங்கே போயிற்றோ, அவர் ஒரு பூங்காவில் நின்றார். சுற்றிலும் நண்பர்கள், அந்நாளைய காதலி. வயது இருபதை ஒட்டி. அவர்கள் பேசுவது தெரிகிறது, என்ன பேசுகிறார்கள் என்பது பிடிபடவில்லை. மின்சாரத்தைக் கூட்டக் கூட்டக் காட்சி தெளிந்தது. பக்கத்திலேயே ஓடும் ஃபோர்னிக்ஸ் என்ற நினைவுப் பாதையை மின்சாரம் தட்டியிருந்தது. 2008-இல் வெளியான இந்த அறிக்கை, அல்சைமர் நோய்க்கு இதே முறையைச் சோதிக்க வழிவிட்டது. பசியும் நினைவும் எவ்வளவு நெருங்கிக் குடியிருக்கின்றன!

மண்டையைத் திறக்காத வழியும் இருக்கிறது. தலைமேல் காந்தச் சுருளை வைத்துத் துடிப்புகள் தரும் சிகிச்சையை, மனச்சோர்வுக்காக அமெரிக்கா 2008-இலேயே அனுமதித்துவிட்டது. மிலானுக்கு அருகே லிவியோ லூட்சியின் குழு இதைப் பருமனுக்குப் பயன்படுத்திப் பார்த்தது: வாரம் மூன்று முறை, ஐந்து வாரம், கூடவே குறைந்த கலோரி உணவு. போலித் துடிப்பு பெற்றவர்களைவிட, 18 ஹெர்ட்ஸ் துடிப்பு பெற்றவர்களுக்கு எடை கூடுதலாகக் குறைந்தது. சிறிய ஆய்வுதான், இதை நம்பி இன்றே பணம் கட்டச் சொல்கிறவர்களிடம் எச்சரிக்கையாக இருங்கள். துடிப்பு பெற்றவர்களும் உணவுத் திட்டத்தை விடவில்லை என்பதையும் கவனியுங்கள்.

மூளைக்கும் எடைக்கும் உள்ள உறவு எதிர்த் திசையிலும் வேலை செய்யும்: மனநல மருந்துகள் சிலவற்றால் எடை ஏறும். அதற்குப் பயந்து மாத்திரையைத் தாமே நிறுத்திவிடுகிறவர்கள் உண்டு. தயவுசெய்து நிறுத்தாதீர்கள், எடை ஏறுவதை மருத்துவரிடம் சொல்லுங்கள், மருந்தை மாற்றவோ அளவைத் திருத்தவோ அவரால் முடியும். எந்த மருந்து, ஏன் எடையைக் கூட்டுகிறது என்பதை அடுத்த வாரம் விரிவாகப் பார்ப்போம்.

(தொடரும்)