அலுமினிய சைக்கிளின் குழாய்கள் ஏன் பருமனாக இருக்கின்றன?

அலுமினியத்தின் எடை எஃகில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு. விறைப்பும் அதே அளவுக்குக் குறைவுதான். பிறகு எப்படி அலுமினிய ரோடு பைக் ஃப்ரேம் வளையாமல் நிற்கிறது?

விட்டம்தான் காரணம். சுவரின் தடிமனை மாற்றாமல் குழாயின் விட்டத்தை இரட்டிப்பாக்கினால் எடை இரண்டு மடங்காகும்; வளைவை எதிர்க்கும் விறைப்போ சுமார் எட்டு மடங்காகும். 1970களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்த கேரி க்ளைன், பருமனான அலுமினியக் குழாய்களுக்கு வழிவகுத்தவர்களில் ஒருவர்.

பல்லாண்டு ஓட்ட வேண்டுமென்றால் உலோகக் களைப்பையும், அதாவது மீண்டும் மீண்டும் வரும் அழுத்தத்தால் உலோகம் நலிவதையும், பார்க்க வேண்டும். ஓர் அளவுக்குக் கீழான அழுத்தத்தை எஃகு கோடிக்கணக்கான முறை தாங்கும். அலுமினியத்துக்கு அப்படித் தெளிவான எல்லை கிடையாது. சிறு அதிர்வுகளும் கணக்கில் சேரும். எனவே அழுத்தம் மிகக் குறைவாக இருக்கும்படி ஃப்ரேமை வடிவமைக்கிறார்கள். குழாய்களை இணைக்கும் வெல்டிங்கின் சூட்டில் 6061 என்ற அலுமினியக் கலவை பலமிழக்கும். வெப்பப் பதனம் செய்தால் பலம் திரும்பும்.

ஆகவே நெடுநாள் உழைப்புக்கு, இருப்பதிலேயே மெல்லிய சுவர் கொண்ட ஃப்ரேம் வேண்டாம். அதிர்வைத் தணிக்க அகலமான டயருக்கு இடமும், பின் கியர் மாற்றியைத் தாங்கும், கழற்றி மாற்றக்கூடிய டெரெய்லர் ஹேங்கரும் இருக்கட்டும். பழைய ஃப்ரேம் என்றால், வெல்டிங் ஓரங்களில் விரிசல் உண்டா என்று வெளிச்சத்தில் பாருங்கள்; இருந்தால் வாங்காதீர்கள்.