ஸ்பாகெட்டி இத்தாலியினுடையது, குழம்பு நம்முடையது!

வானொலியில் சமையலைப் பற்றிப் பேச்செடுத்தால் இரண்டு விதமான அழைப்புகள் வரும். "பிள்ளைகள் எப்போது பார்த்தாலும் பாஸ்தா, ஸ்பாகெட்டி என்கிறார்கள். நம் சாப்பாடே மறந்துபோகும் போலிருக்கிறது" என்று கவலைப்படும் அம்மாக்கள் ஒரு பக்கம். "ஸ்பாகெட்டி வாங்கிவிட்டேன். புட்டியில் வரும் சாஸ் வீட்டில் யாருக்கும் பிடிக்கவில்லை, என்ன செய்வது?" என்று கேட்கும் இளையவர்கள் இன்னொரு பக்கம். இரு தரப்புக்கும் நான் சொல்லும் பதில் ஒன்றுதான்: நம்மூர் லக்சா ஜொகூரைப் பாருங்கள்.

பினாங்கு லக்சாவிலும் சரவாக் லக்சாவிலும் அரிசி நூடல்ஸ்தான் இருக்கும். ஜொகூர் லக்சாவில் இருப்பதோ ஸ்பாகெட்டி. இது எப்படி வந்தது? நவீன ஜொகூரின் தந்தை எனப் போற்றப்படும் சுல்தான் அபு பக்கார் 1862 முதல் 1895 வரை ஜொகூரை ஆண்டவர். ஐரோப்பாவுக்குப் பலமுறை சென்று வந்தவர். அவர் காலமானதும் லண்டனில்தான். இத்தாலியில் ஸ்பாகெட்டியைச் சுவைத்து, அது பிடித்துப்போய், லக்சாவுக்கு அதையே போடும்படி அரண்மனைச் சமையல்காரர்களிடம் சொன்னார் என்பது இங்கே வழிவழியாகச் சொல்லப்படும் கதை. இன்று நோன்புப் பெருநாள் விருந்திலும் கல்யாண வீட்டிலும் அது ஜொகூர்க்காரர்களின் சொந்த உணவு.

இதில் மாறியது எது என்று கவனியுங்கள். நூடல்ஸ் மட்டுமே. மீன், தேங்காய்ப்பால், செராய், லெங்குவாஸ், காய்ந்த இறால், பெலாச்சான், புளிப்புக்கு அசாம் கெப்பிங் எல்லாம் அப்படியே இருக்கின்றன. நம் வீட்டு அலமாரியில் இருக்கும் மீன் மசாலைத்தூளும் அதில் உண்டு. மேலே வெள்ளரிக்காய், தவ்கே, வெங்காயம், கெசும் இலை, சம்பால். முள்கரண்டிகூட வரவில்லை! ஸ்பாகெட்டியை இடியாப்பம் போல் சிறு சிறு சுருளாகச் சுற்றி வைத்து, குழம்பை ஊற்றிக் கையால் சாப்பிடுவதே பழைய வழக்கம்.

ஸ்பாகெட்டி இதற்குப் பொருந்திப்போக ஒரு காரணம் இருக்கிறது. டூரம் என்னும் கெட்டியான கோதுமையை ரவை போல அரைத்துச் செய்வது அது. புரதம் அதிகம் என்பதால், கெட்டிக் குழம்பில் ஊறினாலும் சீக்கிரம் குழையாது, உடையாது. விருந்துக்கு முன்கூட்டியே செய்து வைக்கலாம்.

வீட்டில் செய்ய 500 கிராம் ஸ்பாகெட்டிக்கு 5 லிட்டர் தண்ணீர் வைத்து, நன்றாகக் கொதித்ததும் உப்புப் போடுங்கள். கையால் பிசைந்து சாப்பிடுவதால் விறைப்பாக எடுக்காமல் முழுமையாக வேகவிடுங்கள். சூடு ஆறுவதற்குள் சுருட்டி வைத்தால், ஆறும்போது சுருள் பிரியாமல் நிற்கும். முள்ளுவாளை மீனில் முள் அதிகம். அவித்து, முள்ளெடுத்து, சதையை அரைத்துக் குழம்பில் சேர்க்க வேண்டும். குழம்பு கெட்டியாவதற்கு இதுவும் ஒரு காரணம். கடைசியாகக் கெரிசிக். துருவிய தேங்காயை எண்ணெயில்லாமல் பொன்னிறமாக வறுத்து, எண்ணெய் கசியும்வரை இடித்தால் கெரிசிக் தயார். அந்த மணம்தான் லக்சா ஜொகூர்.

இவ்வளவுக்கு நேரமில்லையா? வேலை முடிந்து சிங்கப்பூரிலிருந்து பாலம் கடந்து இரவில் வீடு திரும்புகிறவர்களுக்கு இருக்காதுதான். நேற்று வைத்த மீன் குழம்பில் கொஞ்சம் தேங்காய்ப்பால் ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஸ்பாகெட்டிமீது ஊற்றிப் பாருங்கள். சைவ வீடுகளில் தேங்காய்ப்பால் சொதி போதும். சில பாஸ்தா வகைகளில் முட்டை சேர்ப்பார்கள். சைவர்கள் பாக்கெட்டைப் படித்து வாங்குவது நல்லது.

பழக்கமில்லாத எந்தப் பொருளுக்கும் இதே வழிதான். ஒரு தடவைக்கு ஒன்றை மட்டும் மாற்றுங்கள். வட ஆப்பிரிக்காவின் கூஸ்கூஸ் கிடைத்தால் ரவைக்குப் பதிலாக உப்புமாவில் போடலாம். தாளிப்பு நம்முடையதாகவே இருக்கட்டும். கூஸ்கூஸ் ஏற்கெனவே ஆவியில் வேகவைத்து உலர்த்தியது என்பதால், கொதிநீர் ஊற்றி ஐந்து நிமிடம் மூடி வைத்தாலே போதும்.

கவலைப்படும் அம்மாக்களுக்கு ஒரு வார்த்தை. ஸ்பாகெட்டி வந்ததால் ஜொகூரில் லக்சா அழியவில்லை. குழம்பு வைக்கத் தெரிந்தவர்கள் இருந்ததால் நிலைத்தது. ஆகவே, அடுத்த முறை பிள்ளைகள் ஸ்பாகெட்டி கேட்டால் தாராளமாகச் சரி சொல்லுங்கள். ஆனால் தேங்காய் வறுக்கவும் மசாலை கூட்டவும் அவர்களையே அடுப்படிக்குக் கூப்பிடுங்கள்.