காற்றைக் கணக்கிடும் கைவட்டு

பாய் விரித்துக் கொழும்பு சென்ற தூத்துக்குடித் தோணிக்காரர், காற்று தள்ளும் அளவுக்கு முகப்பை எதிர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். விமானியும் அப்படியே!

வாகைக்குளம் விமான நிலையத்திலிருந்து மதுரை நிலையம் ஏறத்தாழ வடக்கே 67 கடல் மைல். மணிக்கு 100 கடல் மைல் வேகத்தில் 40 நிமிடம். மேற்கிலிருந்து 20 கடல் மைல் வேகக் காற்று வீசினால்? விமானம் 13 கடல் மைல் கிழக்கே விலகிவிடும். மூக்கைச் சுமார் 12 பாகை மேற்கே திருப்பவேண்டும்.

இதை மின்கலமின்றிக் கணக்கிட உதவுவது, 1930களில் அமெரிக்கரான பிலிப் டால்டன் உருவாக்கிய ஈ-6-பி. ஒருபுறம் வட்ட ஸ்லைடு ரூல். மறுபுறம் காற்றைக் குறிக்கும் தகடு.

பயிற்சிக்கு எதை வாங்கலாம்? அட்டை மலிவு, ஈரத்தில் உப்பும். அலுமினியம் விலை கூடினாலும் உழைக்கும். வட்டு ஆட்டமின்றிச் சுழலவேண்டும், கோடுகள் தெளிவாயிருக்கவேண்டும். கோடு பிசகினால் தேர்வில் மதிப்பெண் போகும். வானில் வழியே தவறும்!