வான்வழிச் சந்திகள்

நிலத்தில் பல சாலைகள் கூடுமிடத்தைச் சந்தி என்கிறோம். சந்தியில் முதலில் ஒரு சாவடி எழும். சாவடியைச் சுற்றிக் கடைகள் தோன்றும். கடைகள் பெருக ஊர் உண்டாகும். ஊர் வளர்ந்து நகராகும். கடற்கரைத் துறைமுகங்கள் வளர்ந்ததும் இம்முறையிலேயே ஆகும். இருபதாம் நூற்றாண்டில் மனிதன் வானிலும் வழி கண்டான். அதன் பின்னர் வானத்து வழிகளுக்கும் சந்திகள் ஏற்பட்டன. பல நாடுகளினின்று வரும் வானூர்திகள் ஓரிடத்தே கூடி, பயணிகளை மாற்றிக்கொண்டு, மீண்டும் பல திசைகளிற் பிரிந்து செல்கின்றன. அத்தகைய இடங்களே வான்வழிச் சந்திகள். அவை தோன்றும் காரணமும், வளரும் விதமும், சில வேளைகளில் தளரும் விதமும் அறியத்தக்கன.

சந்தியின் பயனை ஓர் எளிய கணக்கால் விளங்கிக்கொள்ளலாம். இருபது நகரங்கள் உள்ளன என்று கொள்வோம். ஒவ்வொரு நகரினின்றும் மற்றெல்லா நகரங்களுக்கும் நேரே வானூர்தி விடுவதாயின் 190 வழிகள் வேண்டும். அவற்றுள் பல வழிகளில் நாள்தோறும் பத்துப் பேர்கூடப் பயணம் செய்யமாட்டார்கள். வானூர்தி வெறுமையாய்ப் பறந்தால் பொருளிழப்பே மிஞ்சும். அவ்விருபது நகரங்களுக்கும் நடுவே வேறொரு நகரைத் தெரிந்து, எல்லா வானூர்திகளையும் அங்கே கூட்டினால், 20 வழிகளே போதும். சக்கரத்தின் ஆரக்கால்கள் யாவும் குடத்தில் வந்து பொருந்துவது போல, எல்லா வழிகளும் அந்நகரில் வந்து பொருந்தும். பயணி ஒருமுறை இறங்கி ஏறவேண்டும் என்பதே குறை. ஆனால் அவர் எந்நகரினின்றும் எந்நகருக்கும் செல்ல இயலும்.

இம்முறை செவ்வனே நடைபெறக் காலந் தவறாமை வேண்டும். பல வானூர்திகள் அலைபோல ஏறத்தாழ ஒரே வேளையில் வந்திறங்கும். இரண்டு மூன்று மணி நேரத்திற்குள் பயணிகளும் அவர்தம் பெட்டிகளும் உரிய வானூர்திகளுக்கு மாற்றப்பெறல் வேண்டும். பின்னர் மற்றோர் அலையாக அவை புறப்பட்டுச் செல்லும். ஒன்று தாமதித்தால் அதில் வரும் பலர் தத்தம் அடுத்த பயணத்தை இழப்பர்.

விமானிகளின் வாழ்வும் சந்தியோடு பிணைந்ததே. ஒவ்வொரு விமானிக்கும் ஒரு பணித்தளம் குறிக்கப்பெறும். அவர்தம் பணி தொடங்குவதும் முடிவதும் அவ்விடத்தேயாம். மிக நெடிய பயணங்களில் நான்கு விமானிகள் வரை ஏறுவர். இருவர் ஓட்ட, ஏனையோர் உள்ளே அமைந்த படுக்கையில் முறைவைத்து ஓய்வுகொள்வர். ஆதலின் ஒரு நகரம் சந்தியாக உயருங்கால் விமானிகள், பணிப்பெண்கள், பொறியாளர், சமையலாளர், சுமை ஏற்றுவோர் எனப் பலரும் குடும்பத்தோடு அங்கே குடியேறுவர். அச்சந்தி தளருமாயின் அக்குடும்பங்களின் வாழ்வும் தளரும். வான்வழிப் போட்டி வணிகருக்குள் நிகழும் போட்டி மட்டுமன்று. பல குடும்பங்களின் வாழ்வும் அதனுள் அடங்கியுள்ளது.

சந்திகளின் உயர்வு தாழ்வுகளுக்குக் காண்டர் என்னும் ஊர் சிறந்த சான்றாகும். இது வட அமெரிக்காவின் வடகிழக்கு ஓரத்தில், நியூபவுண்டுலாந்துத் தீவில் உள்ளது. அக்கால வானூர்திகளால் நியூயார்க்கினின்று இலண்டன் வரை ஒரே மூச்சிற் பறத்தல் அரிதாயிருந்தது. எரிபொருள் போதாது, மேற்கு நோக்கிச் செல்லுங்கால் எதிர்க்காற்றும் தடுக்கும். காண்டருக்கும் அயர்லாந்தின் ஷானனுக்கும் இடைப்பட்ட தொலைவோ ஏறத்தாழ 3,200 கிலோமீட்டரே. எனவே காட்டின் நடுவே பெரிய ஓடுபாதைகள் அமைக்கப்பெற்றன. 1938-இல் அங்கே முதல் வானூர்தி இறங்கியது. நிலையம் முன்னே தோன்ற, ஊர் அதன் பின்னே வளர்ந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் அட்லாண்டிக்கைக் கடப்போர் பலரும் அங்கே இறங்கி எரிபொருள் நிரப்பிச் சென்றனர். உலகின் நாற்சந்தி என்றே மக்கள் அதனைப் புகழ்ந்தனர்.

1959-இல் அங்கே அழகிய புதிய கட்டடம் ஒன்றை இங்கிலாந்து அரசியார் இரண்டாம் எலிசபெத் திறந்துவைத்தார். ஆனால் அதற்கு முந்திய ஆண்டிலேயே ஜெட் வானூர்திகள் அட்லாண்டிக்கைக் கடந்து பயணிகளை ஏற்றிச் செல்லத் தொடங்கியிருந்தன. சில ஆண்டுகளுக்குள் அவை இடையில் எங்கும் இறங்காமலே இலண்டனை அடையும் ஆற்றல் பெற்றன. காண்டர் தவறு ஒன்றும் செய்யவில்லை. அது இருந்த இடமும் மாறவில்லை. வானூர்திகள் மாறின, அவ்வளவே. மண்டபம் சிறந்திருந்தது, வந்து இறங்குவோர் குறைந்தனர்.

இனி, உயர்ந்த சந்தி ஒன்றனைக் காண்போம். பாரசீக வளைகுடாக் கரையில் உள்ளது துபாய் நகரம். 1960-இல் அங்கே வானூர்தி நிலையம் திறக்கப்பெற்றபோது, இறுக்கிய மணலே ஓடுபாதையாக இருந்தது. 1980-களின் இடையில், அங்கு வந்துகொண்டிருந்த அயல் நிறுவனம் ஒன்று தன் பயணங்களைக் குறைத்துக்கொண்டது. பிறர் வானூர்தியை நம்பியிருக்கும் நகரம் பிறர் மனம் மாறினால் தனித்து நிற்கும் என்பதை அந்நகரின் ஆட்சியாளர் உணர்ந்தனர். எனவே எமிரேட்ஸ் என்னும் நிறுவனத்தைத் தோற்றுவித்தனர். பாகிஸ்தான் நிறுவனத்தினிடம் வாடகைக்குப் பெற்ற இரண்டு வானூர்திகளைக் கொண்டு, 1985 அக்டோபர் 25-இல் அது கராச்சிக்கு முதற் பயணத்தைத் தொடங்கியது.

ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா ஆகிய மூன்று கண்டங்களுக்கும் இடையே அமைந்தது துபாய்க்கு இயற்கை அளித்த வாய்ப்பு. காற்றுள்ளபோதே தூற்றிக்கொள் என்பது நம் பழமொழி. நெடுந்தொலைவு பறக்கும் பெரிய வானூர்திகள் வந்த காலத்தில், அந்நகரம் அவ்வாய்ப்பைக் கைவிடாது பற்றிக்கொண்டது. பிற நாட்டு நிறுவனங்களையும் தடையின்றி வரவேற்றது. 2014-இல் அயல்நாட்டுப் பயணிகளின் தொகையில் இலண்டன் ஹீத்ரோ நிலையத்தை விஞ்சியது. 2024-இல் அந்நிலையத்தைப் பயன்படுத்தியோர் 9 கோடியே 23 இலட்சம் பேர். அவ்வாண்டிலேயே, ஐந்து ஓடுபாதைகளுடன் மற்றொரு நிலையத்தை விரிவாக்கும் பெருந்திட்டமும் அறிவிக்கப்பெற்றது.

எனினும், உயர்ந்தோர் உறங்கிக் கிடத்தல் இயலாது. 2014-இல் கத்தாரின் தோகாவிலும், 2018-இல் துருக்கியின் இஸ்தான்புல்லிலும் புதிய பெருநிலையங்கள் திறக்கப்பெற்றன. ஆஸ்திரேலியாவின் குவாண்டாஸ் நிறுவனம் இலண்டன் செல்லும் தன் வானூர்திகளை 2013-இல் சிங்கப்பூருக்குப் பதிலாகத் துபாயில் இறக்கியது. 2018-இல் மீண்டும் சிங்கப்பூருக்கே திரும்பியது. அவ்வாண்டில் அந்நிறுவனமே ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரினின்று இலண்டனுக்கு, ஏறத்தாழ 14,500 கிலோமீட்டரை 17 மணி நேர அளவில் இடைநில்லாது கடக்கும் பயணத்தையும் தொடங்கியது. அப்பயணிகளுக்கு எந்த இடைச்சந்தியும் வேண்டியதில்லை. காண்டருக்கு நேர்ந்தது பிற சந்திகளுக்கும் நேராது என்று எவரும் உறுதி கூற இயலாது.

வானூர்திகளின் ஆற்றல் வளர்வதால் மட்டுமன்றி, நாடுகளின் பகையாலும் சந்தி தளர்வதுண்டு. பின்லாந்தின் தலைநகராகிய ஹெல்சிங்கி அதற்குச் சான்று. உருண்டையான நிலவுலகில் ஐரோப்பாவினின்று ஜப்பானுக்குச் செல்லும் குறுகிய வழி, வடபுலத்தே சைபீரியாவின் மேலாகச் செல்கிறது. ஹெல்சிங்கி அவ்வழியின் வாயிலில் உள்ளது. அங்கிருந்து டோக்கியோவை ஒன்பது மணி நேர அளவில் அடைய முடிந்தது. இதனை நம்பிப் பின்னேர் என்னும் அந்நாட்டு நிறுவனம் ஆசியப் பயணங்களைப் பெருக்கியது. 2022 பிப்ரவரியில் உக்ரைன் மீது இரஷ்யா போர் தொடுத்தது. ஐரோப்பிய நாடுகள் இரஷ்ய வானூர்திகளுக்குத் தம் வானத்தை மூடின. இரஷ்யாவும் அவற்றுக்குத் தன் வானத்தை மூடியது. ஒன்பது மணிப் பயணம் பதின்மூன்று மணி அளவிற்கு நீண்டது. வேலையிழந்த வானூர்திகள் சிலவற்றைப் பணியாளருடன் வாடகைக்கு விடவும் நேர்ந்தது. 2023-இல், பின்லாந்து விமானிகள் சிங்கப்பூருக்கும் சிட்னிக்கும் இடையே குவாண்டாஸ் நிறுவனத்துக்காகப் பறந்தனர். நாட்டெல்லையில் மூண்ட போர், தொலைவிலுள்ள தொழிலாளரின் பணியிடத்தையும் மாற்றிவிட்டது.

இவ்வாறாயின், தளர்ந்த சந்திக்குப் பெருமையே இல்லையோ எனின், மீண்டும் காண்டரை நோக்குவோம். 2001 செப்டம்பர் 11-இல் வன்முறையாளர் அமெரிக்காவைத் தாக்கியபோது, அந்நாட்டு வானம் மூடப்பெற்றது. அட்லாண்டிக்கின் மேல் பறந்துகொண்டிருந்த பல வானூர்திகள் இறங்க இடமின்றி நின்றன. அவற்றுள் 38 பயணி வானூர்திகள் காண்டரில் இறங்கின. பத்தாயிரம் அளவினரே வாழ்ந்த அச்சிற்றூரில் ஆறாயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட விருந்தினர் ஒரே நாளில் வந்து சேர்ந்தனர். ஊரார் பள்ளிகளையும் கோயில்களையும் இல்லங்களையும் திறந்துவிட்டனர். வேலைநிறுத்தம் செய்துகொண்டிருந்த பேருந்து ஓட்டுநர்கள் அதனை விடுத்துப் பணிக்கு வந்தனர். முன்னர் வளமான காலத்தில் அமைத்த நீண்ட ஓடுபாதைகளே அன்று பலரின் உயிருக்குப் புகலாயின.

இயற்கை ஒரு நகருக்கு நல்ல இடத்தை அளிக்கலாம். அறிவும் உழைப்பும் அவ்விடத்தைச் சந்தியாக்கும். ஆயினும் புதிய பொறியும், போட்டியும், போரும் அதன் வழிகளை மாற்றிவிடும். மாறும் வழியை முன்னுணர்ந்து முயலும் நகரம் நெடிது நிற்கும். வழி மாறிய பின்னும், வந்தாரைப் பேணும் பண்பை விடாத ஊர் உலகத்தார் உள்ளத்தில் என்றும் நிற்கும்.