வெளுத்துப்போன ஊதாப்பூ

தில்லியில் குளிர்காலம் பிறந்தால் பூங்காப் பாத்திகளிலும் வீட்டு மாடங்களிலும் பெட்டூனியா பூத்துக் குலுங்குவதை அன்பர்கள் கண்டிருப்பீர்கள். தலையில் சூட உதவாத பூ என்று நம் இல்லத்தரசியர் அதனைப் பொருட்படுத்துவதில்லை. ஆயினும் மருத்துவ உலகுக்கு ஒரு புதுவழி திறந்ததில் அதற்கும் பங்குண்டு.

அதன் ஊதா நிறத்துக்குக் காரணம் ஆந்தோசயனின். பிளேவனாய்டு என்னும் பெருங்குடும்பத்தைச் சேர்ந்த நிறமி. அக்குடும்பப் பொருள்கள் உருவாகும் பாதையின் தலைவாயிலில் நிற்பது சால்கோன் சின்தேஸ் என்ற நொதி. கூமராயில் கோ-ஏ மூலக்கூறு ஒன்றுடன் மலோனைல் கோ-ஏ மூலக்கூறுகள் மூன்றை இணைத்து, அது மஞ்சள் நிறச் சால்கோனைப் படைக்கிறது. பின்னர் வேறு நொதிகள் அதனைப் படிப்படியாக மாற்றி ஊதாவாக்குகின்றன.

நொதி மிகுந்தால் நிறமும் மிகுமன்றோ? கலிபோர்னியாவில் ரிச்சர்டு ஜார்கென்சன், கரோலின் நேப்போலி ஆகியோர் அவ்வாறே எண்ணி, அந்நொதிக்குரிய மரபணுவின் மற்றொரு படியைப் பெட்டூனியாவுக்குள் புகுத்தினர். மலர்ந்தவை பலவும் தூய வெள்ளை! சிலவற்றில் வெள்ளையும் ஊதாவும் கலந்து கிடந்தன. 1990இல் அவர்கள் வெளியிட்ட கட்டுரையின்படி, மரபணு ஏற்ற செடிகளில் 42 விழுக்காடு இவ்வாறு மாறியிருந்தன. வந்த மரபணு தானும் வாயடைத்து, வீட்டுக்குரிய மரபணுவின் வாயையும் அடைத்துவிட்டது. நெதர்லாந்து அறிஞர்களும் அதே ஆண்டில் இதே விளைவைக் கண்டனர். தவறிப்போன சோதனை என்று தொட்டியோடு எறிந்துவிடாமல் அதனை எழுதி வைத்தார்களே, அதையே நான் பெரிதாகக் கருதுகிறேன்.

விளக்கம் ஒரு சிறு புழுவிலிருந்து வந்தது. இரட்டை இழை ஆர்.என்.ஏ. உட்புகுந்தால் அதற்கு ஒத்த மரபணு அடங்கிவிடும் என்று 1998இல் ஆண்ட்ரூ ஃபயரும் கிரெய்க் மெல்லோவும் காட்டினர். உயிரணு அவ்விழையைத் துண்டு துண்டாக நறுக்கி, அத்துண்டுகளை அடையாளமாகக் கொண்டு, மரபணு அனுப்பும் செய்திகளைத் தேடி அழிக்கிறது. செடிகள் வைரசுகளை எதிர்ப்பதும் இம்முறையால்தான். அவ்விருவரும் 2006இல் நோபல் பரிசு பெற்றனர். 2018இல், பரம்பரையாக வரும் ஒருவகை நரம்பு நோய்க்கு இம்முறையில் இயங்கும் பாட்டிசிரான் என்னும் மருந்து அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

அவ்வெள்ளைப் பூக்களுக்கு மற்றொரு குறையும் இருந்தது. அவற்றின் மகரந்தம் தம்மினத்து வெள்ளைப் பூக்களில் முளைக்கவில்லை; நிறமுள்ள செடியின் சூல்முடியில் இட்டால் முளைத்தது. நாம் அருந்தும் தேநீரிலும் உள்ள கெம்ஃபெரால் என்ற பிளேவனாய்டைச் சிறிதளவு சேர்த்தபோதும் முளைத்தது.