இயங்குதளங்களும் அவற்றின் காவலும்

கணினியின் வன்பொருளுக்கும் அதில் ஓடும் நிரல்களுக்கும் இடையே நின்று இரண்டையும் ஆளுகின்ற அடிப்படை மென்பொருளே இயங்குதளம். எந்த நிரல் எந்தக் கோப்பைத் திறக்கலாம், எது நினைவகத்தின் எந்தப் பகுதியைத் தொடலாம், எது இணையத்தோடு பேசலாம் என்பதையெல்லாம் அதுவே முடிவு செய்வதால், கணினியின் பாதுகாப்பும் முதன்மையாக அதன் பொறுப்பாகிறது. விண்டோஸ், மேக்ஓஎஸ், லினக்ஸ் ஆகிய மூன்றில் எது பாதுகாப்பானது என்ற வழக்கு கால் நூற்றாண்டுக்கும் மேலாக நடந்துவருகிறது. வழக்காடுவோர் பெரும்பாலும் ஓராண்டில் எந்த இயங்குதளத்தில் எத்தனை பாதுகாப்புப் பிழைகள் கண்டறியப்பட்டன என்ற எண்ணிக்கையையே சான்றாக முன்வைக்கின்றனர். அந்தச் சான்று மிக வலுவற்றது. மூலநிரல் யாவருக்கும் திறந்திருக்கும் லினக்ஸில் ஒவ்வொரு திருத்தமும் பொதுவெளியில் பதிவாகிறது; மூடிய மென்பொருளிலோ, நிறுவனத்துக்குள்ளேயே கண்டுபிடித்துச் சரிசெய்யப்படும் பிழை எந்தப் பட்டியலிலும் ஏறாமலே போகலாம். பிழைகளுக்கு உலகப் பொது அடையாள எண் இடும் உரிமையை லினக்ஸின் உள்மையமான கெர்னலைப் பேணும் குழு 2024 பிப்ரவரியில் தானே ஏற்று, சிறு திருத்தங்களுக்கும் எண் வழங்கத் தொடங்கியதும், அதன் கணக்கு திடீரென ஏறியது. அதனால் லினக்ஸ் முந்தைய மாதத்தைவிடப் பலவீனமாகிவிட்டது என்று எவரும் சொல்ல முடியாது.

எண்ணிக்கையைக் காட்டிலும் பயன்தரும் கேள்விகள் இரண்டு உள்ளன: ஒரு பிழை வழியாக எதிரி உள்ளே நுழைந்துவிட்டால் அவன் எவ்வளவு தூரம் போக முடியும் என்பது ஒன்று, பிழைக்கான திருத்தம் பயனரின் கணினிக்கு எவ்வளவு விரைவில் வந்துசேரும் என்பது மற்றொன்று. ஒரு வயலில் உடைப்பெடுத்த நீர் அடுத்த வயலுக்குப் பாயாமல் வரப்பு தடுப்பதைப் போல, ஒரு நிரலில் நேர்ந்த கேட்டை அந்த நிரலோடு நிறுத்தும் தடுப்புகளே நல்ல இயங்குதளத்தின் அடையாளம்.

இந்தத் தடுப்புகளின் வரலாறு யூனிக்ஸிலிருந்து தொடங்குகிறது. பெல் ஆய்வகத்தில் 1969இல் கென் தாம்சனும் டென்னிஸ் ரிச்சியும் உருவாக்கத் தொடங்கிய யூனிக்ஸ், ஒரே கணினியைப் பலர் பகிர்ந்து பயன்படுத்திய சூழலில் வளர்ந்தது. ஆகவே ஒருவரின் கோப்பை மற்றவர் தொடாதவாறு காப்பதும், முழு அதிகாரத்தை ‘ரூட்’ எனும் ஒரே கணக்கிடம் ஒதுக்குவதும் அதன் இயல்பாயின. லினக்ஸும் மேக்ஓஎஸும் இந்த மரபின் வாரிசுகள். விண்டோஸின் முன்னோடியான டாஸ், 1981இல் ஒருவர் மட்டும் அமரும் மேசைக் கணினிக்காக வந்தது. யாரை யாரிடமிருந்து பிரிப்பது என்ற கேள்விக்கே அங்கு இடமிருக்கவில்லை. டேவ் கட்லர் தலைமையில் உருவாகி 1993இல் வெளிவந்த விண்டோஸ் என்டி இந்தக் குறையை அடிப்படையிலேயே களைந்தது என்பதும், கோப்பு அனுமதிகளை வகுப்பதில் அது அன்றைய யூனிக்ஸைவிட நுட்பமானது என்பதும் பலர் மறந்துவிடும் உண்மைகள். அந்த அடித்தளம் 2001இல் விண்டோஸ் எக்ஸ்பி வழியாக வீடுகளுக்கு வந்தபோது, நிறுவும் வேளையில் உருவாகும் கணக்குக்கு நிர்வாகியின் முழு அதிகாரமும் தரப்பட்டிருந்தது. பழைய நிரல்கள் தடையின்றி ஓட வேண்டும் என்ற வணிகத் தேவைக்காக வரப்பு கட்டப்பட்டும் திறந்தே விடப்பட்டது. மின்னஞ்சலில் வந்த தீநிரல் ஒன்றைப் பயனர் திறந்தால் அதுவும் அதே முழு அதிகாரத்தோடு ஓடியது. அக்கால விண்டோஸின் அவப்பெயருக்கு அதன் கட்டமைப்பைவிட இந்த முன்னமைவே பெரிய காரணம் எனலாம்.

கோட் ரெட், நிம்டா எனும் புழுக்கள், அதாவது மனிதர் உதவியின்றித் தாமே வலைப்பின்னலில் பரவும் தீநிரல்கள், 2001இல் உலகை உலுக்கிய பின், 2002 ஜனவரியில் விண்டோஸைத் தயாரிக்கும் மைக்ரோசாப்டின் பில் கேட்ஸ் புதிய வசதிகளைவிடப் பாதுகாப்பே முதன்மை என்று தம் ஊழியர்களுக்கு எழுதினார். 2004இல் எக்ஸ்பியின் இரண்டாம் சேவைத் தொகுப்பு தீச்சுவரை முன்னமைவாகவே இயங்கச் செய்தது. அடுத்து வந்த விண்டோஸ் விஸ்டா, நிர்வாகி அதிகாரம் கேட்கும் ஒவ்வொரு செயலுக்கும் பயனரின் ஒப்புதலைக் கோரியது. இவ்வகைச் சிந்தனைக்கு முன்னோடி, தியோ டி ராட் கனடாவிலிருந்து 1990களின் நடுவிலிருந்து நடத்திவரும் ஓபன்பிஎஸ்டி எனும் சிறிய யூனிக்ஸ் வகை இயங்குதளம். நினைவகத்தின் எந்தப் பகுதியும் ஒரே நேரத்தில் எழுதத்தக்கதாகவும் இயக்கத்தக்கதாகவும் இருக்கக்கூடாது என்ற விதியை 2003இலேயே அது நடைமுறைப்படுத்தியது. தேவையற்ற சேவைகள் யாவும் அதில் மூடியே வருகின்றன. முன்னமைவு நிறுவலில் தொலைவிலிருந்து ஊடுருவத்தக்க ஓட்டைகள் நெடுங்காலத்தில் இரண்டே என்பது அத்திட்டத்தின் பெருமிதம். பயனர் பிற நிரல்களைச் சேர்க்கும்போது அந்தக் கணக்கு பொருந்தாது என்றாலும், அந்தச் சிறு குழுவின் உழைப்பு பாராட்டுக்குரியது; அது உருவாக்கிய ஓபன்எஸ்எஸ்எச் இன்று உலகின் சேவையகக் கணினிகளுக்குள் நுழையும் பொது வாசலாக விளங்குகிறது.

யூனிக்ஸ் மரபு என்பதாலேயே காவல் உறுதி என்று கொள்வதும் தவறு. இணையத்தைத் திணறவைத்த முதற்பெரும் புழுவான மோரிஸ் புழு, 1988 நவம்பரில் யூனிக்ஸ் கணினிகளில்தான் பரவியது. பாஷ் எனும் கட்டளை நிரலில் 1989இல் புகுந்த பிழை, 2014இல் ‘ஷெல்ஷாக்’ என்ற பெயரில் வெளிப்படும்வரை இருபத்தைந்து ஆண்டுகள், யாரும் படிக்கத்தக்க மூலநிரலில் எவர் கண்ணிலும் படாமல் கிடந்தது. 2024 மார்ச்சில் வெளிப்பட்ட எக்ஸ்இசட் சூழ்ச்சி இன்னும் கவலைக்குரியது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் எக்ஸ்இசட் எனும் சிறிய கோப்புச் சுருக்க நிரலை ஓய்வு நேரத்தில் பேணிவந்த தன்னார்வலரின் நம்பிக்கையை, புனைபெயரில் வந்த ஒருவர் இரண்டு ஆண்டுகளுக்கும் மேலாக உழைத்துப் பெற்று, இறுதியில் அதற்குள் கள்ளவாசல் ஒன்றை வைத்தார். மைக்ரோசாப்டில் பணியாற்றும் ஆண்ட்ரெஸ் பிராயிண்ட் என்ற பொறியாளர், தொலைநுழைவு வழக்கத்தைவிட அரை வினாடி தாமதமாவதைக் கண்டு தோண்டியதால், முதன்மை லினக்ஸ் வெளியீடுகளின் நிலையான பதிப்புகளை எட்டுமுன் அது பிடிபட்டது. மூலநிரல் திறந்திருந்ததால்தான் அவரால் காரணத்தின் வேர்வரை செல்ல முடிந்தது. ஆயினும் உலகின் சேவையகங்கள் ஊதியமற்ற ஒருவரின் தோளில் தங்கியிருந்தன என்பது திறமூல உலகம் தீர்க்க வேண்டிய கடன்.

எதிரியே இல்லாமலும் காவல் குலையலாம் என்பதை 2024 ஜூலை 19 காட்டியது. கிரவுட்ஸ்டிரைக் நிறுவனத்தின் பாதுகாப்பு மென்பொருளுக்கு வந்த பிழையான புதுப்பிப்புக் கோப்பு ஒன்று ஏறத்தாழ 85 லட்சம் விண்டோஸ் கணினிகளை முடக்கி, விமான நிலையங்களையும் மருத்துவமனைகளையும் நிலைகுலைத்தது. அந்தக் கோப்பு விண்டோஸுக்கென்றே தயாரானது. எனினும் ஒரு கோப்பின் பிழை கணினியையே வீழ்த்தியதற்குக் காரணம், அம்மென்பொருள் இயங்குதளத்தின் உள்மையமான கெர்னலுக்குள் அமர்ந்து ஓடியதே. அங்கு நேரும் பிழையைத் தடுக்க அதற்குமேல் எந்தக் காவலும் இல்லை. மேக்ஓஎஸைத் தயாரிக்கும் ஆப்பிள் 2019 முதலே பிறரின் மென்பொருளைக் கெர்னலிலிருந்து படிப்படியாக வெளியேற்றத் தொடங்கியிருந்தது.

தடுப்புகளை மிகத் தீவிரமாகக் கட்டியவை கைப்பேசி இயங்குதளங்களே. மனிதரை மனிதரிடமிருந்து பிரிக்க யூனிக்ஸ் வகுத்த முறையைக் கொண்டு ஆண்ட்ராய்டு ஒவ்வொரு செயலியையும் தனிப் பயனராக நடத்துகிறது. ஐஓஎஸும் செயலிகளை ஒன்றையொன்று எட்டாதவாறு அடைக்கிறது. பெகாசஸ் போன்ற உளவு மென்பொருள் இத்தடுப்பையும் தாண்டியதுண்டு. நினைவகத்தைத் தவறாகக் கையாள்வதால் வரும் பிழைகளே இத்தகைய ஊடுருவல்களுக்கு வழக்கமான வழி என்பதால், அவ்வகைப் பிழைகளுக்கு இடந்தராத ரஸ்ட் முதலிய மொழிகளில் புதிய நிரல்களை எழுதும் முயற்சி வலுத்துள்ளது. ஆண்ட்ராய்டின் பாதுகாப்புப் பிழைகளில் நினைவகப் பிழைகளின் பங்கு 2019இல் 76 விழுக்காடாக இருந்து 2024இல் 24 விழுக்காடாகக் குறைந்தது.

இரண்டாவது கேள்வியான திருத்தத்தின் வேகம் எந்தப் பெயரையும் காப்பாற்றுவதில்லை. ஜாவா மென்பொருளின் ஓர் ஓட்டைக்கு ஆரக்கிள் 2012 பிப்ரவரியில் தந்த திருத்தத்தை ஆப்பிள் ஏப்ரலில்தான் தன் பயனருக்குத் தந்தது. இடைவெளியில் ஆறு லட்சம் அளவிலான மேக் கணினிகளை பிளாஷ்பேக் எனும் தீநிரல் பற்றிக்கொண்டது. வானாகிரை எனும் விண்டோஸ் தீநிரல் 2017 மே 12 அன்று பிரிட்டனின் மருத்துவமனைகளை முடக்கியபோது, அதைத் தடுக்கும் திருத்தம் மார்ச் 14 அன்றே வெளியாகியிருந்தது. ஆண்ட்ராய்டின் சிக்கல் இதனினும் பெரிது: கூகுள் எழுதும் திருத்தம் சில்லு தயாரிப்பாளரையும் கைப்பேசி நிறுவனத்தையும் கடந்தே பயனரை அடைகிறது. பிக்சல் 8 முதல் கூகுளும், கேலக்ஸி எஸ்24 முதல் சாம்சங்கும் தம் உயர்விலைக் கைப்பேசிகளுக்கு ஏழாண்டுத் திருத்தங்களை உறுதியளித்துள்ளன. மலிவுவிலைக் கைப்பேசிகளுக்கு இந்த உறுதி பெரும்பாலும் மிகக் குறுகியது. ஆண்ட்ராய்டு கைப்பேசியின் அமைப்புகள் பக்கத்தில் கடைசிப் பாதுகாப்புப் புதுப்பிப்பின் தேதி குறிக்கப்பட்டிருக்கும். அது ஓராண்டுக்கும் பழையதாக இருந்தால், அதன்பின் உலகறிய வெளியான ஓட்டைகளில் பல அந்தக் கைப்பேசியில் இன்னும் அடைபடாமலே உள்ளன.