சூப்பர்மேன் கதைக்குள்ள முகமது அலிக்கு என்ன வேலை?

காமிக்ஸ் படிக்கிறவரா நீங்க? அப்போ இது உங்களுக்கும் நடந்திருக்கும். சண்டை உச்சத்துல இருக்கும். நடுவுல ஹீரோ, அந்த வருஷம் ஹிட்டான டி.வி. ஷோ பேரைச் சொல்லி ஒரு ஜோக் அடிப்பார். வெளிவந்த வாரம் படிச்சவங்களுக்குச் சிரிப்பு. பல வருஷம் கழிச்சுப் படிக்கிற நமக்கு, 'யாருப்பா அது?'

அப்போ சமகால விஷயங்களே வேண்டாமா? அவசரப்படாதீங்க.

1980-ல் 'எக்ஸ்-மென்' காமிக்ஸ்ல டாஸ்லர்னு ஒரு பாடகி அறிமுகமானாங்க. ரோலர் ஸ்கேட்ஸ், பளபள டிரெஸ்னு முழுக்க டிஸ்கோ. சிக்கல் என்னன்னா, 1979 ஜூலையிலேயே சிகாகோ பேஸ்பால் மைதானத்துல டிஸ்கோ இசைத்தட்டுகளைக் குவிச்சு, வெடிவெச்சுத் தகர்த்துட்டாங்க. அலை ஓய்ஞ்ச பிறகு வந்தும் டாஸ்லர் காணாமப்போகலை. சத்தத்தை ஒளியா மாத்துறதுதான் அவங்க சக்தி. அதுக்கு டிஸ்கோதான் வேணும்னு இல்லையே! டிரெஸ்ஸும் பாட்டும் மாறுச்சு, ஆள் நிலைச்சுட்டாங்க.

1978-ல் வந்த 'சூப்பர்மேன் வெர்சஸ் முகமது அலி' இன்னும் சுவாரஸ்யம். வெளியீடு தள்ளித் தள்ளிப் போய், புத்தகம் வந்தப்போ அலி, லியோன் ஸ்பிங்க்ஸ்கிட்ட தோத்து உலக சாம்பியன் பட்டத்தையே இழந்திருந்தார். (அதே வருஷம் செப்டம்பர்ல திரும்ப ஜெயிச்சது தனிக்கதை.) சூடான செய்தி, சுடச்சுட ஆறிப்போச்சு! ஆனாலும் இன்னிக்குப் படிச்சாலும் விறுவிறுப்புதான். சிவப்புச் சூரியனுக்குக் கீழே சூப்பர்மேனுக்குச் சக்தி கிடையாது. வெறும் கையால சண்டை போடணும்னா பாக்ஸிங் கத்துக்கணும். கத்துக்கொடுக்க அலியை விட்டா வேற யாரு? அந்தக் கதையில இருந்து அவரை எடுத்துட்டா, கதையே இல்லை. ஹீரோ உதிர்க்கிற டி.வி. ஷோ பேரை எடுத்துப் பாருங்க, ஒண்ணும் குறையாது.

விற்பனைக்கு இந்த வித்தியாசமெல்லாம் தெரியாது. 2009 ஜனவரியில ஒபாமா அட்டையோட வந்த 'அமேஸிங் ஸ்பைடர்மேன்' 583-வது இதழ் பலமுறை மறுபதிப்பு ஆச்சு. வாங்கினவங்கள்ல எத்தனை பேர் கதைக்காக வாங்கியிருப்பாங்க!

ஆனா நிஜ ஆட்கள் உள்ளே வந்தா, நிஜ காலண்டரும் கூடவே வந்துடுது. 1962-ல் அறிமுகமானப்போ பீட்டர் பார்க்கர் ஸ்கூல் பையன். கணக்குப்படி பார்த்தா, ஒபாமா பதவியேத்தப்போ அவருக்கு 60 தாண்டியிருக்கணும். கதையிலயோ, இளந்தாரியா வலை வீசிக்கிட்டிருந்தார்.